சாய்வெழுத்து: ‘இத்தாலிக்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்து சாய்ந்துவிடுகிறது. அதனால் இத்தாலிக் என்றால் சாய்ந்த எழுத்து, அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். பெயரைக் கொஞ்சம் கிளறினால் வேறு கதை வருகிறது.

இத்தாலிக் என்றால் இத்தாலியைச் சேர்ந்தது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் நடத்திய அச்சகத்துக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ இந்த எழுத்தை வெட்டிக் கொடுத்தார். 1501இல் பண்டைய ரோமக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகள் முழுவதும் இதில் அச்சாகி, கைக்கடக்கமான நூலாக வெளிவந்தன. அன்றைய அறிஞர்கள் வேகமாக எழுதிய கையெழுத்துதான் மாதிரி. இத்தாலியர்களோ இதைக் ‘கொர்சீவோ’ என்கிறார்கள். ஓடுவது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். பேனா ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் எழுத்து சாய்கிறது.

டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் ஆங்கிலச் சின்ன ‘ஏ’யை (a) தட்டிப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும்போது மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு வயிறு. சாய்த்ததும் கொக்கி காணாமல் போய் வயிறு மட்டும் மிஞ்சும். ‘எஃப்’ (f) கோட்டுக்குக் கீழே வால் இறக்கும். எழுத்துக் கோடுகளின் முனையில் வரும், செரிஃப் எனப்படும் சின்னக் கீற்றும் மாறும். நிமிர்ந்த எழுத்தில் அது அடிப்பலகை போலத் தட்டையாக இருக்கும். சாய்வில், பேனா நுழைந்து வெளியேறிய தடம் போல வளையும். ஏரியல் எழுத்துருவில் இதையே செய்து பாருங்கள். ‘ஏ’ கொக்கியோடு அப்படியே சரிந்து நிற்கும். அதற்கு ஆப்ளிக் என்று பெயர்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘சாய்வெழுத்து’ நிலைத்துவிட்ட சொல், அதை மாற்ற வேண்டாம். ஆப்ளிக்கைச் ‘சரிவெழுத்து’ என்று பிரித்துச் சொல்லலாம். செரிஃபுக்கு நான் ‘முனைக்கீற்று’ என்று எழுதுகிறேன். ‘கால்’ என்றால் நம் துணைக்காலோடு குழம்பும்.

ஆங்கிலத்தில் நூற்பெயர், கப்பல் பெயர், பிறமொழிச் சொல் எல்லாம் சாய்வில் வரும். உயிரினப் பேரினப் பெயரும் அப்படித்தான். சிங்கப்பூரின் தேசிய மலரையே பாருங்களேன். பாப்பிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம் என்று எழுதும்போது முதல் சொல் மட்டும் சாயும். பின்னிரண்டும் கலப்பினத்துக்கு வைத்த பெயர், அதனால் நிமிர்ந்தே நிற்கும்.

இங்கே சிங்கப்பூரில் நான்கு மொழித் துண்டறிக்கைகளில் ஆங்கில வரி சாய்ந்திருக்கிறதென்று தமிழ் வரியையும் சாய்த்துவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டப்படுகிறது. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வரைந்த சாய்வு கிடையாது. கணினி அப்படியே தள்ளிச் சரிக்கிறது. ‘க்’கின் புள்ளி தலைக்கு நேரே இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்குகிறது, ‘ழ’வின் வளைவு நசுங்குகிறது. நூற்பெயர் என்றால் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து இருக்கிறது.