பதில் வராத தொலைபேசி

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், மாணவர் உதவித்தொகைக்கு நிதி திரட்டும் அழைப்பு மையம் ஒன்று இருந்தது. பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராக அழைத்து நன்கொடை கேட்பதுதான் வேலை. இத்தகைய வேலையில் ஒருவர் தொலைபேசியை எடுக்கவே மாட்டார். அடுத்தவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று பாதியில் வைத்துவிடுவார். இருபதாவது எண்ணை அழுத்தும்போது நன்கொடை கேட்கிறவரின் குரலில் உயிர் இருக்காது.

நிதி திரட்டிப் பழகிய எவருக்கும் அந்தக் குரல் தெரியும். அதை மன உறுதிக் குறைவு என்று சொல்வது அநியாயம். மூளை தன் கணக்கை ஒழுங்காகப் போடுவதால்தான் குரல் தளர்கிறது.

அந்தக் கணக்கைக் குரங்குகளிடம் கண்டவர் நரம்பியல் அறிஞர் வுல்ஃப்ரம் ஷூல்ட்ஸ். ஓர் அடையாளம் தெரிந்ததும் பழச்சாறு கிடைக்கும் என்று குரங்கு பழகிய பிறகு, ஒருமுறை சாறு தராமல் விட்டார்கள். சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில், பரிசை எதிர்பார்ப்பதோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. எதிர்பார்த்தது வராவிட்டால் மூளை அதைப் பூஜ்ஜியமாக அல்ல, நஷ்டமாகவே பதிகிறது. நஷ்டம் தொடர்ந்தால் எதிர்பார்ப்பையே குறைத்துக்கொள்கிறது. அதன்பின் ஏமாற்றம் வலிப்பதில்லை. ஆனால் அடுத்த எண்ணை அழுத்தும் உந்துதலும் எஞ்சுவதில்லை.

இதற்கு மருந்து என்ன? இலக்கை உயர்த்துவதும் சுவரில் ஊக்க வாசகம் ஒட்டுவதும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணம், அதே அழைப்பு மையத்தில் உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழுவினர் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு. அழைப்பாளர்களில் ஒரு பிரிவினர், அந்தப் பணத்தால் படித்த ஒரு மாணவரை நேரில் சந்தித்தார்கள். வெறும் ஐந்து நிமிடம். அவரிடம் கேள்விகள் கேட்டார்கள், அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சியோ ஊக்கத்தொகையோ எதுவும் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது. ஒருவர் வாரத்துக்குத் திரட்டிய சராசரித் தொகை 185.94 டாலரிலிருந்து 503.22 டாலராக உயர்ந்திருந்தது. உதவி பெற்ற மாணவரின் கடிதத்தை மட்டும் படித்த பிரிவினரிடம் அப்படி மாற்றம் ஏதும் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கடிதத்திலும் நன்றி இருந்தது. ஆனால் எதிரே ஒரு முகம் இல்லை.

இந்தத் தொழிலின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். சமையல்காரர் சாப்பிடுகிறவரைப் பார்க்கிறார். ஆசிரியர் மாணவரைப் பார்க்கிறார். நிதி திரட்டுபவரோ கொடுப்பவரை மட்டுமே காண்கிறார்; பெறுபவர் அவர் கண்ணில் படுவதே இல்லை. அதனால் கொடையாளி மௌனமானால், செய்த உழைப்பு முழுவதும் கிணற்றில் போட்ட கல்லாகத் தோன்றுகிறது. அந்த ஐந்து நிமிடம் மூளைக்கு இன்னொரு பதிலைக் கொண்டுவந்து சேர்த்தது.

உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் இதற்கு மேலும் ஒரு விளக்கம் தருகிறார்கள். 1967இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, தப்ப முடியாத துன்பத்தில் சிக்கிய உயிர் செயலற்றுப்போகக் கற்றுக்கொள்கிறது என்றது. 2016இல் அவர்களே அதைத் திருத்தி எழுதினார்கள்: நீண்ட துன்பத்தில் சோர்ந்து அடங்குவது மூளையின் இயல்பு நிலை, "என் செயலால் ஏதோ மாறுகிறது" என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. அதைக் கற்றபின் மூளையின் முன்பகுதி அந்தச் சோர்வை அடக்குகிறது.

வராத பதில் எல்லாம் மறுப்பும் அல்ல. முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சிறு உதவி கேட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், நேரில் கேட்டது மின்னஞ்சலைவிட 34 மடங்கு பலன் தந்தது. நூறு மின்னஞ்சல் அனுப்பி ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்னஞ்சலை.

நிதி திரட்டும் குழுவை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் பணத்தால் படித்த ஒரு பெண்ணை, சிகிச்சை பெற்ற ஒரு முதியவரை, அவர்கள் விருப்பத்தோடு அலுவலகத்துக்கு அழையுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதும்.