தவளைக்கு மஞ்சள் பூசாதீர்கள்

அடிபட்ட வளர்ப்புத் தவளையைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மேலே என்ன போட்டீங்க?" என்றுதான். பெரும்பாலும் ஏதாவது போட்டிருப்பார்கள். மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய், டெட்டால் கலந்த தண்ணீர், வீட்டில் கிடந்த களிம்பு. பாசத்தில், பதற்றத்தில் செய்வதுதான். ஆனால் பல நேரம் காயத்தைவிட அதுதான் தவளையின் உயிருக்கு ஆபத்தாகிறது.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியேதான். உடம்பின் உப்புச்சத்தைச் சமன் செய்வதும் தோல்தான். அதனால் தோலில் படுவது உள்ளேயும் போய்விடும். பல்வலிக்குத் தடவும் ஜெல்கள் சிலவற்றில் பென்சோகெய்ன் இருக்கும். பிழைக்க வழியே இல்லாத தவளையின் கருணைக்கொலைக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்து அது. வலி குறையட்டும் என்று அதைத் தடவிவிடாதீர்கள்.

முதலுதவிக்குத் தண்ணீரும் நிழலும் அமைதியும் போதும். காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில், வாசனை சேர்க்காத டிஷ்யூ பேப்பரை நனைத்து விரித்து அதில் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன்தொட்டிக்கு ஊற்றும் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகே பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. கேன் தண்ணீர் சுத்தமானதுதானே என்று பலர் கேட்கிறார்கள். அதில் உப்புச்சத்து மிகக் குறைவு. தவளையை நாள்கணக்கில் அதிலேயே வைத்தால் உடம்பிலுள்ள உப்பு வெளியேறும். தண்ணீர் ஆழமாகவும் வேண்டாம். சோர்ந்துபோன தவளை மூழ்கிச் சாகும். தொட வேண்டியிருந்தால் பவுடர் இல்லாத கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு தொடுங்கள். வாயைத் திறந்து இரை திணிக்காதீர்கள், தாடை எலும்பு மிக மெல்லியது.

பூனை கவ்வியிருந்தால், காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். பல் பட்ட இடத்தில் கிருமி வேகமாகப் பரவும். வயிறும் தொடையும் சிவந்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம், கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். எங்கும் விழாமலே கால் எலும்பு முறிந்திருந்தால், கால்சியம் குறைபாடாக இருக்குமோ என்று முதலில் சந்தேகிப்பேன்.

நான் அதிகம் அஞ்சுவது கைட்ரிட் பூஞ்சையை. 1999-இல் அறிவியல் பெயர் பெற்ற இந்தப் பூஞ்சை உலகெங்கும் தவளை இனங்களை அழித்து வருகிறது. தோலைத் தாக்கி, சோடியம், பொட்டாசியம் அளவைக் குலைத்து, கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடும். தோல் அடிக்கடி உரிவது, இரை எடுக்காமை, மல்லாத்தினால் புரண்டெழ முடியாமை ஆகியவை அறிகுறிகள். ஆரம்பத்திலேயே வந்தால் இட்ரகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த நீரில் தினமும் சில நிமிடம் வைத்துக் குணப்படுத்த வாய்ப்புண்டு. ஆனால் அந்த மருந்தின் அளவு மிக நுட்பமானது. மனிதர்களுக்கான மாத்திரையைக் கரைத்து நீங்களே முயலாதீர்கள்.

அக்வேரியம் கடைகளில் விற்கும் வெள்ளை நிற ஆப்பிரிக்க நகத் தவளை, எந்த அறிகுறியும் காட்டாமல் இந்தப் பூஞ்சையைச் சுமக்கக்கூடியது. வளர்க்க முடியவில்லை என்று அதை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தொட்டித் தண்ணீரையும் தோட்டத்தில் கொட்ட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து, பிறகு கழிப்பறையில் ஊற்றுங்கள்.