திறமை இருந்தும் கைமுதல் ஏன் கரைகிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மதுரை டவுன்ஹால் ரோட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்யும் அவர், பணம் கட்டாமல் இலவசப் புள்ளிகளை மட்டும் வைத்து இணையத்தில் போக்கர் ஆடிப் பழகுகிறார். எந்தச் சீட்டு வந்தால் உள்ளே இருப்பது, எப்போது சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குவது என்பதையெல்லாம் படித்துத் தேறியிருப்பதாகவும், கூட ஆடுகிறவர்களின் தவறுகள் இப்போது தெளிவாகத் தெரிவதாகவும், அப்படியிருந்தும் சேர்த்த புள்ளிகள் அடிக்கடி பூஜ்யத்துக்கு வந்துவிடுவதாகவும் சொல்லி, "நான் தேறியிருக்கிறேனா, இல்லையா? மென்பொருள் ஏமாற்றுகிறதா, எனக்கு நேரம் சரியில்லையா?" என்று கேட்கிறார். கூடவே தம் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். இடது ஓரத்தில் உட்காரும்போது இருந்த புள்ளி, வலது ஓரத்தில் எழுந்தபோது இருந்த புள்ளி, நடுவில் அந்த மேசையில் வைத்த புள்ளி. அவர் கேட்டதற்கான விடை அந்த நடுப்பத்தியில்தான் இருக்கிறது: பெரும்பாலான வரிகளில் கையிலிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு, சில வரிகளில் பாதி.

பணம் வைத்து ஆடுவது பற்றிய பேச்சே இங்கே இல்லை. 2020-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று வலியுறுத்தியதும், 2022-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியதும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றைத் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியதும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடின்றிப் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். இத்தனை ஆண்டுகள் நடந்த அந்த வாதத்தில் கணிதத்துக்கும் சொல்ல ஒன்று உண்டு. ஒரே ஆட்டத்தில் போக்கர் பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஒரு லட்சம் ஆட்டங்களில் பெரும்பாலும் திறமை. எங்கே ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதைக் கணக்கிட்டே காட்டிவிடலாம்.

பரவலாக ஆடும் போக்கர் வகையில் ஒவ்வொருவர் கைக்கும் இரண்டு சீட்டு; மேசையில் விரிக்கும் ஐந்து பொதுச்சீட்டுகளோடு சேர்த்து யார் கை பெரிது என்று பார்ப்பார்கள். 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1,326 வழிகள் உண்டு. அவற்றில் ஆறு மட்டுமே இரட்டை ஏஸ். ஆகவே 221 ஆட்டங்களுக்கு ஒரு முறைதான் அது கைக்கு வரும். அப்படி வந்து, எதிரியின் கையில் இரட்டை ராஜா இருந்து, இருவரும் உள்ளதையெல்லாம் வைத்துவிட்டால்கூட ஏஸ் வெல்லும் வாய்ப்பு சுமார் 82 விழுக்காடுதான். மீதி 18 விழுக்காட்டில், எந்தத் தவறும் செய்யாதவர் முழுவதையும் இழந்து எழுகிறார்.

இப்படிச் சிதறும் பலன்களைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? போக்கரில் கட்டாயமாக வைக்க வேண்டிய பெரிய பிளைண்ட் என்ற தொகையையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். நன்றாகத் தேறிய ஒருவர் 100 ஆட்டங்களுக்குச் சராசரியாக 5 பிளைண்ட் ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே 100 ஆட்டங்களில் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம், அதாவது பலன் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 90 பிளைண்ட். சராசரி ஈட்டல் ஆட்ட எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. சிதறலோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. 10,000 ஆட்டங்கள் முடிந்த பின் எதிர்பார்க்கும் ஈட்டல் 500 பிளைண்ட், சிதறல் 900. அதாவது நல்ல ஆட்டக்காரர்களில் 100-க்கு 29 பேர் 10,000 ஆட்டங்களுக்குப் பிறகும் நட்டத்தில்தான் நிற்பார்கள். ஒரு லட்சம் ஆட்டங்கள் ஆனபின் அது 100-க்கு நான்கு பேராகக் குறைகிறது. ஈட்டலும் சிதறலும் சமமாகும் இடம் 32,400 ஆட்டங்கள். அதற்கு முன்பு நோட்டைப் பார்த்து 'தேறிவிட்டேன்' என்றோ 'தேறவில்லை' என்றோ முடிவுகட்டுவது அவசரமே.

ஆய்வாளர்களும் இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள்தாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ என்ற கணினி நிரல் 2015-இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 80,000 ஆட்டங்கள் ஆடியது. மனிதர்களே முந்தினார்கள், ஆனாலும் அந்த இடைவெளி தற்செயலாலும் வந்திருக்கலாம் என்று சொல்லி, வெற்றி உறுதியாகவில்லை என்றார்கள் ஆய்வாளர்கள். 2017-இல் அடுத்து வந்த லிப்ராடஸ் 20 நாள்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடியது. 2015-இல் போலவே அப்போதும் ஓர் அறையில் மனிதருக்கு வந்த சீட்டே இன்னோர் அறையில் நிரலுக்கு வரும்படி அமைத்தார்கள். நல்ல சீட்டின் பலன் இருபக்கமும் பெரும்பாலும் கழிந்து, ஆடிய விதமே முன்னுக்கு வந்தது. இம்முறை நிரல் ஐயத்துக்கு இடமின்றி வென்றது. சீட்டாடும் நிரலுக்கு மீத்திறன் கணினியா, பொதுப்பணமா என்று கேட்பவர்கள் உண்டு. எதிராளியிடம் இருப்பது தெரியாமலே முடிவெடுக்க வேண்டிய நிலை பேரத்திலும் பாதுகாப்பிலும் அன்றாடம் வருகிறது. அதை ஆராயப் போக்கரைவிடத் தூய்மையான களம் கிடைப்பது அரிது. இத்தகைய ஆய்வுக்கு மதுரைக் கல்லூரிகளின் புள்ளியியல் துறைகளிலும் தாராளமாகப் பணமும் கணினி நேரமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆட்டக்காரருக்கும் இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. எல்லாவற்றையும் வைத்தபின் விழுந்த சீட்டைக் கணக்கில் எடுக்காமல், வைத்த கணத்தில் இருந்த வாய்ப்பை எழுதிக்கொள்ள வேண்டும். பானையில், அதாவது எல்லாரும் வைத்த பந்தயத்தின் மொத்தத்தில், 200 புள்ளி இருக்க, இரட்டை ராஜாவுக்கு எதிராக இரட்டை ஏஸ் வைத்திருந்தால், வென்றாலும் தோற்றாலும் நோட்டில் 164 என்று குறிக்க வேண்டும். தேர்ச்சி இருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் வெகு விரைவில் தெரியவரும்.

தேறியவரும் ஏன் பூஜ்யத்தைத் தொடுகிறார் என்பதற்கு வருகிறேன். வாய்ப்பியலில் என்னை இன்றும் மலைக்க வைக்கும் வாதம் இதுதான். இந்தப் புதிரை 1656-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் எழுப்பினார். அடுத்த ஆண்டு வெளியான தம் சிறு நூலில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் அதைக் கடைசிக் கணக்காகச் சேர்த்தார்.

ஒரு முறைக்கு ஒரு புள்ளி பந்தயம். வெல்லும் வாய்ப்பு 0.52, தோற்கும் வாய்ப்பு 0.48. கையில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. ஆட்டத்துக்கு முடிவே இல்லை என்றால், என்றைக்காவது பூஜ்யத்தைத் தொடும் வாய்ப்பு எவ்வளவு? பாதைகள் எண்ணற்றவை: உடனே விழலாம், ஏறி இறங்கி விழலாம், ஆயிரம் படி ஏறியபின் விழலாம். அத்தனையையும் தனித்தனியே கூட்டத் தேவையே இல்லை. தேடும் வாய்ப்புக்கு 'ச' என்று பெயரிடுவோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் கதை முடிந்தது, அதற்கு 0.48. வென்றால் கையில் இரண்டு புள்ளி. இனி பூஜ்யத்துக்கு வர வேண்டுமானால் இரண்டிலிருந்து ஒன்றுக்கும், பிறகு ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கும் இறங்க வேண்டும். ஒரு படி இறங்கும் வாய்ப்பு எந்த உயரத்திலும் அதே 'ச'தான், ஏனென்றால் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டுக்கு முந்தைய ஆட்டத்தின் நினைவு கிடையாது. எனவே

ச = 0.48 + 0.52 × ச × ச

என்று ஆகிறது. முடிவில்லாத ஆட்டம் பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடாகச் சுருங்கிவிட்டது! அதன் மூலங்கள் இரண்டு: ஒன்று 1, மற்றொன்று 0.48-ஐ 0.52-ஆல் வகுத்தால் வரும் 12/13. ஆட்டம் சராசரியில் நமக்குச் சாதகமாக இருப்பதால் எல்லாரும் விழுந்துவிட முடியாது. ஆகவே 12/13-தான் விடை. 0.48, 0.52 இரண்டுக்கும் பதிலாக 0.5 என்று போட்டுப்பார்த்தால் இரண்டு மூலங்களும் 1 ஆகிவிடுகின்றன. சமவாய்ப்பு ஆட்டத்தில்கூட, நிறுத்தாமல் ஆடுகிறவர் ஒருநாள் பூஜ்யத்தைத் தொட்டே தீருவார்.

பத்துப் புள்ளியோடு தொடங்கினால் 12/13-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: 45 விழுக்காடு. இருபது புள்ளியென்றால் 20 விழுக்காடு. ஐம்பதென்றால் இரண்டுக்கும் கீழே. கைமுதல் இருமடங்கானால் அழிவின் வாய்ப்பு பாதியாவதில்லை. தன்னையே தான் பெருக்கிக்கொண்டு சிறுக்கிறது. மேற்சொன்ன போக்கர் ஆட்டக்காரருக்கும் இதே விதியைப் பொருத்தலாம். ஒரு மேசையில் வழக்கமாக வைப்பது 100 பிளைண்ட். அதைப் பை-இன் என்பார்கள். கைமுதல் மூன்று பை-இன் மட்டுமே இருந்து அதே அளவு மேசையில் தொடர்ந்து ஆடினால், அவர் ஒருநாள் ஒன்றுமில்லாமல் ஆகும் வாய்ப்பு 69 விழுக்காடு. ஐந்து இருந்தால் 54, பத்து இருந்தால் 29, இருபது இருந்தால் 8.5, ஐம்பது இருந்தால் வெறும் 0.2. ஆடுகிறவர் ஒருவரே, திறமையும் ஒன்றே. மாறியது வைத்த அளவு மட்டும்தான்.

வாசகர் மென்பொருளையும் நேரத்தையும் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். கைராசி, ராகுகாலம், 'இத்தனை முறை தோற்றாயிற்று, இனி விழுந்தே ஆக வேண்டும்' என்ற நம்பிக்கை ஆகியவை மேலே கண்ட சமன்பாட்டில் நுழைய இடமே இல்லை. இவற்றுள் மிகக் கொடியது 'விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும்' என்ற பேச்சு. கைமுதல் குறைந்த வேளையில் பந்தயத்தைக் கூட்டச் சொல்லும் அது, பூஜ்யத்துக்கு உள்ள படிகளைத் தானே குறைத்துவிடுகிறது. எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளிய அந்தப் பேச்சைச் சிறுவர்கள் முன்னால் வேடிக்கையாகக்கூடச் சொல்லக் கூடாது.

கைமுதலில் எத்தனை பங்கு வைத்தால் அது விரைவாக வளரும் என்பதை 1956-இல் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி கண்டறிந்தார். சமப்பந்தய ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழித்தால் போதும்: 0.52-க்கு 0.48 போக 4 விழுக்காடு. ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதில் 4 விழுக்காடு வைத்து 1,000 ஆட்டம் ஆடிய பலரை வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்பவரின் கைமுதல் இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 8 விழுக்காடு வைத்தவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார். 10 விழுக்காடு வைத்தவரிடம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும், சாதகம் அவர் பக்கம் இருந்தும்.

2000-ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடரில் முதன்மைப் போட்டியை வென்றவரும், கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவருமான கிறிஸ் ஃபெர்குசன், 2006-இல் ஒரு டாலர்கூடப் போடாமல் தொடங்கி 10,000 டாலர் சேர்த்துக்காட்ட முனைந்தார். ஒரு மேசையில் கைமுதலில் 5 விழுக்காட்டுக்கு மேல் வைப்பதில்லை, மிகச் சிறிய மேசைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. மேசையில் முன்னிருக்கும் தொகை கைமுதலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எழுந்துவிடுவது. குறைந்தால் சிறிய மேசைக்கு இறங்கிவிடுவது. இலக்கை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதில் முதல் சில டாலர்களுக்கே பல மாதங்கள் போயின. தொடங்கும்போது கையில் ஒன்றுமே இல்லை, ஆகையால் நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டிகளில் ஆயிரக்கணக்கானவர்களோடு மீண்டும் மீண்டும் ஆடித்தான் அந்த முதல் டாலர்களை அவர் சேர்க்க வேண்டியிருந்தது.