ஒரு எண்ணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

1796-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் ஓர் உதவியாளரின் வேலை போனது. அவர் பெயர் டேவிட் கின்னபுரூக். தொலைநோக்கிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை ஒரு விண்மீன் எப்போது கடக்கிறது என்று குறிப்பதுதான் அவர் பணி. கண் தொலைநோக்கியில் இருக்கும். காது பக்கத்துக் கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையே விண்மீன் எந்தக் கணத்தில் கம்பியைத் தாண்டியது என்பதை, விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுத வேண்டும்.

தலைமை வானியலாளர் மாஸ்கெலைன் குறித்த நேரத்துக்கும் இவர் குறித்ததற்கும் 0.8 விநாடி வித்தியாசம் வந்தது. சொல்லிப் பார்த்தும் சரியாகவில்லை. கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்பதற்கே வான அளவீடுகளை நம்பியிருந்த காலம் அது. பூமி சுழலும் வேகத்தில் பார்த்தால், பூமத்திய ரேகையில் 0.8 விநாடி என்பது சுமார் 370 மீட்டர். அவரை அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கதையை எப்போது படித்தாலும் எனக்கு மனம் சங்கடப்படும். ஏனென்றால், அந்த 0.8 விநாடி யாருடைய கவனக்குறைவாகவும் இருக்க வேண்டியதில்லை. அதைக் கண்டுபிடிக்க மேலும் கால் நூற்றாண்டு ஆனது. கோனிக்ஸ்பெர்க் நகரில் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்) இருந்த வானியலாளர் பெஸ்ஸல், கிரீன்விச் குறிப்புகளில் இந்தச் சம்பவத்தைப் பார்த்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். 1820-களில் தன் அளவீடுகளை மற்ற வானியலாளர்களுடையதோடு ஒப்பிட்டார். கைதேர்ந்தவர்களுக்கு இடையிலேயே ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தது! ஆளுக்கு ஆள் மாறும் இந்த இடைவெளியைக் கணக்கில் சேர்த்துக் கழித்துக்கொள்ள வானியலாளர்கள் பழகிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்கள் கவலை இல்லை.

அதே கோனிக்ஸ்பெர்க்கில்தான் 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு தவளைக் காலின் நரம்பை எடுத்துவைத்து அளந்தார். நரம்பில் செய்தி கண நேரத்தில் பாய்ந்துவிடும், அதன் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் முல்லரே சொல்லியிருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்தது எளிமையான காரியம். தசைக்கு அருகில் நரம்பைத் தூண்டி, தசை சுருங்கும் நேரத்தைக் குறித்தார். அப்புறம் சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில் தூண்டிக் குறித்தார். இரண்டு நேரத்தையும் கழித்தால், இடையில் உள்ள சில சென்டிமீட்டரைக் கடக்க ஆன நேரம் வந்துவிடும். விடை, விநாடிக்குச் சுமார் 30 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நரம்புக்கே நேரம் தேவைப்படுகிறது என்றால் எண்ணத்துக்கு? நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1860-களில் அதே கழித்தலை மனதின் மேல் போட்டுப் பார்த்தார். ஒருவருடைய காலில் லேசாக மின்சாரம் கொடுப்பார்கள். வலது காலில் பட்டால் வலது கை, இடது காலில் பட்டால் இடது கை அசைய வேண்டும். எந்தக் காலில் வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் ஒரு நேரம். சொல்லாவிட்டால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். அந்தக் கூடுதல் சுமார் 0.066 விநாடி. எந்தப் பக்கம் என்று உணர்ந்து, எந்தக் கை என்று தேர்ந்தெடுக்க மனதுக்கு ஆன நேரம் அது. மனதின் ஒரு வேலைக்கு இப்படி ஓர் எண் கிடைத்தது என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். போன மாதம் அக்கா மகனை உட்காரவைத்து, அவன் விரல்களுக்கு நடுவே 30 செ.மீ. ஸ்கேலைப் பிடித்து, சொல்லாமல் விட்டேன். 18 செ.மீ.-இல் பிடித்தான். விழும் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் 0.19 விநாடி. பிறகு இரண்டு கைக்கும் ஒவ்வொரு ஸ்கேல். எதை விடுவேன் என்று சொல்லவில்லை. இந்த முறை 27 செ.மீ., அதாவது 0.23 விநாடி. “மாமா, இன்னொரு தடவை” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த வில்ஹெல்ம் வூண்ட், 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சிக்கென்றே ஓர் ஆய்வகத்தை இயங்க வைத்தார். உளவியல் தனி அறிவியலாகப் பிறந்த ஆண்டு என்று பாடப்புத்தகங்கள் சொல்வது அதைத்தான். அங்கிருந்த முக்கியமான கருவி ஹிப் காலமானி. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடிகாரம் அது. ஒலியோ ஒளியோ வரும்போது மின்காந்தம் முள்ளை ஓடவிடும். உட்கார்ந்திருப்பவர் தந்திக் கருவியில் இருப்பது போன்ற விசையிலிருந்து விரலை எடுத்ததும் முள் நிற்கும். மின்னோட்டம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ அளவு பிசகும். அதனால் தெரிந்த உயரத்திலிருந்து எடையை விழவைத்துக் கருவியை அடிக்கடி சரிபார்ப்பார்கள். நம் ஸ்கேல் கணக்கேதான்!

லைப்சிக்குக்குப் பல நாட்டிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். வூண்ட்டிடம் படித்த மியூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டுக்குப் போனார். அவரிடம் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கினார்.

லைப்சிக்கில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது லாங்கே என்ற மாணவர் 1888-இல் வெளியிட்டது. ஒரே ஆள், ஒரே ஒலி, ஒரே விசை. வரப்போகும் ஒலியின் மேல் கவனம் வைத்தால் ஒரு நேரம். அசைக்கவேண்டிய விரலின் மேல் வைத்தால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு விநாடி குறைந்த நேரம். வெளியே எதுவும் மாறவில்லை, மனம் நின்ற இடம் மட்டும் மாறியது. கூடவே டாண்டர்ஸின் கழித்தலுக்கும் சிக்கல் வந்தது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றினாலும் மனம் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும் விதமே மாறிவிடும் என்றால், ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிக் கழிப்பது? அந்தக் கேள்வி இன்றைய மூளை ஸ்கேன் ஆய்வுகளிலும் எழுகிறது. அங்கேயும் ஒரு வேலை செய்யும்போது எடுத்த படத்திலிருந்து இன்னொரு படத்தைக் கழித்துத்தான் பார்க்கிறார்கள்.

அக்கா மகனிடம் கடைசியாக, “ஸ்கேலை மறந்துடுடா, உன் விரலையே நினைச்சுக்கோ” என்றேன். அடுத்த தடவை 15 செ.மீ.-இல் பிடித்தான். அதற்கடுத்த இரண்டு தடவையும், நான் ஸ்கேலை விடுவதற்கு முன்பே அவன் கை மூடிக்கொண்டது.