ஃபேஸ்லிஃப்ட்: தூக்கலா, திரைநீக்கமா?

வயதால் தளர்ந்த முகத்தை இறுக்கும் அறுவை சிகிச்சையான ஃபேஸ்லிஃப்டுக்குத் தமிழில் என்ன சொல்வது? 'முகத்தூக்கம்' என்று எழுதினால் உறக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். 'முகத்தூக்கல்' என்று மாற்றினாலும், எதைத் தூக்குகிறார்கள் என்பது விளங்காது.

மருத்துவத்தில் இதன் பெயர் ரைட்டிடெக்டமி. கிரேக்கத்தில் 'ரைட்டிஸ்' என்றால் தோல் சுருக்கம். 'எக்டொமி' வெட்டி எடுத்தல். சுருக்கத்துக்கு நம்மிடம் அருமையான பழஞ்சொல் இருக்கிறது: திரை. நரை, திரை, மூப்பு என்று அடுக்கிச் சொல்கிறோமே, அந்தத் திரை. திரைதல் என்றால் மடிந்து சுருங்குதல். கடலலைக்கும் திரை என்று பெயர். பால் கெட்டாலும் திரைந்தது என்கிறோம். ஆக, கிரேக்கச் சொல்லுக்கு நேர் தமிழ் 'திரைநீக்க அறுவை'. எனக்கு மிகவும் பிடித்த சொல்.

ஆனால் இன்றைய சிகிச்சைக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காதோரம் கொஞ்சம் தோலை வெட்டி, இழுத்துத் தைத்தார்கள். தோல் நெகிழும் தன்மை கொண்டது, சீக்கிரமே மறுபடி தளர்ந்துவிடும். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர், தோலுக்கு அடியில் முகத்தசைகளோடு இணைந்த ஒரு படலத்தை விவரித்தார்கள். ஸ்மாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதை இறுக்கினால் பலன் நீடிக்கும். அப்புறம் வேலை சுருக்கத்தில் இல்லை, தொய்வில் என்றாகிவிட்டது. அதனால் 'முகத்தொய்வு நீக்க அறுவை' என்பதே என் தேர்வு.

சரி, இதையே குறைவாக வெட்டிச் செய்யும் 'மினிமலி இன்வேசிவ்' முறைக்கு? இன்வேசிவ் என்பதன் வேர், படையெடுத்து நுழைவதைக் குறிக்கும் லத்தீன் சொல். 'குறைந்தபட்ச ஊடுருவல்' என்று எழுதினால் அந்நியர் எல்லை தாண்டியதுபோல் இருக்கிறது. வயிற்று அறுவையில் வழங்கும் 'நுண்துளை'யும் இங்கே ஒட்டாது. இது துளையல்ல, கீறல். வழக்கமான முறையில் கீறல் நெற்றிப்பொட்டு முடியோரம் தொடங்கி, காதின் முன்னால் இறங்கி, காதின் அடிநுனியைச் சுற்றிப் பின்னால் முடிக்குள் போகும். 2002இல் பெல்ஜிய அறுவை மருத்துவர்கள் டொனார்டும் வெர்பேலேயும் வெளியிட்ட முறையில் கீறல் காதின் அடிநுனியோடு நின்றுவிடும்; தொய்ந்த திசுவை நூலால் மேல்நோக்கி இழுத்துக் கட்டுவார்கள். இதைக் 'குறுங்கீறல் முறை' என்றே சொல்லலாம்.

'குறு' என்பது கீறலுக்கு மட்டுமே அடைமொழி. குருதிக்கட்டு (தோலுக்கடியில் இரத்தம் தேங்குதல்), முகநரம்புக் காயம் போன்ற ஆபத்துகள் இதிலும் உண்டு. கழுத்துத் தோல் மிகவும் தொங்கியவர்களுக்குப் பெரும்பாலும் நீள்கீறல் முறைதான் கைகொடுக்கும். 'குறைந்தபட்ச' என்று மொத்த சிகிச்சைக்கும் அடைமொழி கொடுத்தால், நோயாளி இதையெல்லாம் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

முள் வைத்த நூலைத் தோலுக்கடியில் செலுத்தி இழுக்கும் த்ரெட் லிஃப்ட் வேறு வகை. கத்தி படாத அதற்கு 'அறுவை' வேண்டாம். 'நூல் இழுப்பு' போதும்.