டெத் மெட்டலில் மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது?

டெத் மெட்டல் என்பது ஹெவி மெட்டல் ராக் இசையின் முரட்டு வகை. அதன் பாடகரின் உறுமலை யாராலும் முணுமுணுக்க முடியாது. குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல் நாண்களும் சேர்ந்து தாறுமாறாக அதிர்வதால், இன்ன சுரம் என்று காது பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது. ஆக, மெட்டைச் சுமக்கும் வேலை கிட்டாரின் தலையில் விழுகிறது. அதுவோ தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு வேகம்? நிமிடத்துக்கு 200 தட்டு, தட்டுக்கு 4 மீட்டல் என்றால் நொடிக்கு 13 மீட்டலுக்கும் மேல். ஒவ்வொரு மீட்டலுக்கும் ஒரு சுரம் என்று எகிறிக் குதித்தால், மேல் சுரங்கள் தனிக் கூட்டமாகவும் கீழ் சுரங்கள் தனிக் கூட்டமாகவும் காதில் பிரிந்துவிடும். வாசிப்பவரின் திறமைக்குக் கைதட்டலாம். மெட்டு மனதில் நிற்காது.

இதற்கு ஒரு வழி, ட்ரெமோலோ பிக்கிங். வலது கை அதே வேகத்தில் மீட்டும். இடது கை விரல் ஒரே சுரத்தில் எட்டு மீட்டல் தங்கிவிட்டுத்தான் நகரும். அதாவது, சுரம் மாற 0.6 நொடி. நாம் சாவகாசமாகப் பாடக்கூடிய நடைதான் இது!

சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்து இசைக்குழுக்கள் (அட் த கேட்ஸ், இன் ஃபிளேம்ஸ், டார்க் ட்ராங்க்விலிட்டி) 1990களில் இதோடு இரட்டைக் கிட்டாரையும் (இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டை வெவ்வேறு சுரத்தில் சேர்ந்து வாசிப்பது) சேர்த்தன. அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவிடமிருந்து வந்த பழக்கம்தான். ஆனால் டிஸ்டார்ஷனுக்கு (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் முறை) இது ரொம்பவே பொருத்தம். டிஸ்டார்ஷன் வழியே இரண்டு சுரம் ஒன்றாகப் போனால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் ஒரு சத்தமாக வெளியே வரும். 220 ஹெர்ட்ஸை 'ஸ' என வைப்போம். 'ப' 330, வித்தியாசம் 110. அதுவும் 'ஸ'தான், ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் 'ஸ'வும் 'ப'வும் சேர்ந்த பவர் கார்டு அவ்வளவு கனமாக ஒலிக்கிறது. அந்தர காந்தாரம் சுமார் 277, வித்தியாசம் 57. இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஸட்ஜம் 55 என்பதால் சுருதி பிசகி, சத்தம் கலங்கும். சரி, அந்த 'ஸ'வையும் காந்தாரத்தையும் ஆளுக்கு ஒரு கிட்டார், ஆளுக்கு ஒரு ஆம்ப் (ஒலிப்பெருக்கி) என்று பிரித்துக்கொண்டால்? ஒரு ஆம்புக்குள் ஒரே சுரம், கலங்கல் இல்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 'டெத்' குழுவின் சக் ஷுல்டினர் வேறு பக்கம் போனார். 1995-இல் வந்த 'சிம்பாலிக்' ஆல்பத்தைக் கேளுங்கள். ரிஃப் (கிட்டாரின் சிறு சுரத்தொடர்) திரும்பத் திரும்ப வரும்; அடியில் ஜீன் ஹோக்லனின் டிரம்ஸ் ஆட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், சிக்கலை எல்லாம் டிரம்ஸிடம் தள்ளிவிட்டதுதான் ஷுல்டினரின் சாமர்த்தியம்.