டிரான்சிட்: பெயர்ச்சியா, கடப்பா?

சனி ஒரு ராசியை விட்டு அடுத்ததற்குப் போனால் திருநள்ளாறு தாங்காது. அந்தப் பெயர்ச்சியை ஆங்கிலத்தில் எழுதும் சோதிடர்கள் 'டிரான்சிட்' என்கிறார்கள். வானியலாரும் அதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள், பொருள்தான் வேறு. சிறிதாகத் தெரியும் ஒரு வான்பொருள், பெரிதாகத் தெரியும் இன்னொன்றின் முகத்தின் குறுக்கே செல்வது அவர்களுடைய டிரான்சிட். வெள்ளிக் கோள் சூரிய வட்டின்மேல் கரும்புள்ளியாக ஊர்வதை நினைத்துக்கொள்ளலாம்.

லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே, 'ஈரே' என்றால் போதல். பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'பஸாழ்' என்றார்கள். அதைத் தேடிப் புதுச்சேரிக்கு வந்தவர் வானியலாளர் லெ ழாந்தி. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பூமியின் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று ஆங்கில வானியலாளர் ஹாலி சொல்லியிருந்தார். 1760இல் கப்பலேறிய லெ ழாந்தி வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்று பார்த்தார். பயன்படும்படி அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்கினார். ஊர் பிரான்சிடம் திரும்பியபின் 1768இல் புதுச்சேரி வந்து, இடிபாடுகளின்மேல் வானோக்கு நிலையம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடியது. எல்லாம் முடிந்தபின் வெயில் அடித்தது!

காத்திருந்த நாட்களில் தமிழர் கணிதம் பயின்றது மட்டும் மிச்சம். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னதையும், ஐரோப்பிய வானியலாளர் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னதையும் அவர் மறைக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பெயர்ச்சி' இடம்விட்டு இடம் போவது. குறுக்கே செல்வது அதில் இல்லை. 'இடைநகர்வு' தவறன்று, நமக்கும் சூரியனுக்கும் இடையே என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அளவீட்டின் உயிர், விளிம்பில் நுழையும் நொடியிலும் மறுவிளிம்பில் வெளியேறும் நொடியிலும் இருக்கிறது. கடலூரில் கெடிலத்தைக் கடந்தோம் என்றால் இக்கரை விட்டு அக்கரை சேர்ந்தோம் என்றுதானே பொருள்? நட, நடப்பு ஆவதுபோல் கட, கடப்பு ஆகும். ஆகவே என் தெரிவு 'கடப்பு'. 'கடத்தல்' மட்டும் வேண்டாம். 'வெள்ளி கடத்தல்' என்று தலைப்பிட்டால் புதுவை எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள்.

இச்சொல்லுக்கு இன்று வேலை அதிகம். தொலைதூர விண்மீனின் முன்னே அதன் கோள் கடக்கும்போது ஒளி துளி மங்கும். வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் நூற்றில் ஒரு பங்கு, பூமி அளவுள்ளது கடந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி இந்த வழியில் 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது. நம் வெள்ளியின் அடுத்த கடப்பு 2117 டிசம்பரில்.